டால்டனின் கண்கள்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், மலைகளும் ஏரிகளும் நிறைந்த கம்பர்லாந்துப் பகுதியில் ஈகிள்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1766ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், தறி நெய்து வாழ்ந்த ஓர் எளிய குடும்பத்தில் ஜான் டால்டன் பிறந்தார். தந்தையார் பெயர் ஜோசப். தாயார் பெயர் டெபோரா. ஜோனதன் என்பவர் அவருக்கு அண்ணன். அக்குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறித்தவச் சமயக் குழுவைச் சேர்ந்தவர்கள். எளிமையாக வாழ்வதும், பகட்டான நிறங்களில் ஆடை அணியாமல் இருப்பதும், படைக்கலம் ஏந்தாமையும் அக்குழுவினரின் நெறிகள். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் ஓரிடத்தில் இது தேவைப்படும்.

பொருள்கள் யாவும் அணுக்களால் ஆனவை என்னும் கருத்துக்கு அளவும் எடையும் கொடுத்து அதனை அறிவியல் கொள்கையாக நிலைநிறுத்தியவர் என்று வேதியியல் நூல்கள் டால்டனைப் போற்றுகின்றன. அந்தப் புகழ் அவருக்கு உரியதே. ஆயினும் அவர் முதன்முதலில் உலகின் கவனத்தை ஈர்த்தது அணுவினால் அன்று. தம்முடைய இரு கண்களினால்தான்.

பன்னிரண்டு வயதில் டால்டன் ஆசிரியரானார். தாம் படித்த ஊர்ப் பள்ளியிலேயே அவர் பாடம் நடத்தினார். மாணவர் சிலர் ஆசிரியரைவிட மூத்தவர்களாகவும் உடல் வலிமை மிக்கவர்களாகவும் இருந்தனர் என்றால், அவர் பட்ட பாட்டை ஊகித்துக்கொள்ளலாம். இடையில் சிறிது காலம் வயல் வேலையும் செய்தார். பதினைந்தாம் வயதில் கெண்டல் என்னும் நகருக்குச் சென்று, அங்கே குவேக்கர் பள்ளியொன்றில் அண்ணனுடன் சேர்ந்து கற்பித்தார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் அந்நாளில் குவேக்கர்களுக்கு எட்டாதவை. அரசு ஏற்ற திருச்சபையைச் சேராதவர்க்கு அவை வழங்கப்படுவதில்லை. ஆகவே டால்டனுக்குப் பல்கலைக்கழகம் என்பதே வாய்க்கவில்லை.

ஆனால் கெண்டலில் அவருக்கு ஓர் அரிய ஆசான் கிடைத்தார். அவர் பெயர் ஜான் காஃப். குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோயினால் பார்வையை இழந்தவர். கண்ணில்லாத நிலையிலும் கணிதத்தில் தேர்ந்தவர். இலத்தீன், கிரேக்கம் முதலிய மொழிகள் அறிந்தவர். செடிகொடிகளைத் தொட்டும் முகர்ந்தும் சுவைத்தும் இனங்காண வல்லவர். டால்டனுக்குக் கணிதமும் மொழிகளும் கற்பித்தவர் அவரே. நாள்தோறும் வானிலையைக் குறித்து வைக்கும்படி தூண்டியவரும் அவரே. 1787ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் தொடங்கிய அந்தக் குறிப்பேட்டை டால்டன் 57 ஆண்டுகள் விடாது எழுதினார். வெப்பம், காற்றழுத்தம், மழை என்று அதில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இடம்பெற்றன. பார்வையற்ற ஒருவரிடம் உற்றுநோக்கக் கற்றுக்கொண்ட மாணவர், பிற்காலத்தில் தம் பார்வையையே ஆராய்ந்தது விந்தையான பொருத்தந்தான்.

1793ஆம் ஆண்டில் டால்டன் மான்செஸ்டர் நகரில் ஒரு கல்லூரியில் கணிதமும் இயற்கை அறிவியலும் கற்பிக்கும் பணியை ஏற்றார். அதற்குச் சற்று முன்னர், 1792ஆம் ஆண்டில்தான் அந்தப் பூவின் நிகழ்ச்சி நடந்தது.

அப்போது டால்டன் தாவரங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். பூக்களை வகைப்படுத்த நிறம் தெரிய வேண்டும். வெள்ளை, மஞ்சள் போன்ற நிறங்களில் அவருக்குத் தடுமாற்றம் இல்லை. நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு என்று பிறர் வேறு வேறு பெயர் சொல்லும் இடங்களிலோ அவருக்கு வேறுபாடே புலப்படவில்லை. நிறங்களுக்குப் பெயரிட்டவர்கள் முன்பின் யோசியாமல் பெயரிட்டுவிட்டார்கள் என்று அவர் எண்ணியிருந்தார். ஒரு பூ நீலமா, இளஞ்சிவப்பா என்று அவர் பிறரைக் கேட்டால், விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றே அவர்கள் கருதினர். குறை தம் கண்ணில் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றாதது இயல்பே. பிறந்தது முதல் ஒரே ஒரு சோடிக் கண்களால் மட்டும் உலகைக் காண்பவர், எதனோடு எதை ஒப்பிடுவார்?

ஒருநாள் இரவு, மெழுகுவத்தியின் வெளிச்சத்தில் ஒரு ஜெரேனியப் பூவை அவர் பார்க்க நேர்ந்தது. அது இளஞ்சிவப்புப் பூ. பகலில் அவர் கண்ணுக்கு அது வானத்தின் நீலமாகத் தெரிந்திருந்தது. இப்போதோ நீலத்தின் சுவடே இல்லை. அவர் சிவப்பு என்று அழைக்கும் நிறமாக அது மாறியிருந்தது. வெளிச்சம் மாறினால் பூவின் நிறம் இவ்வாறு தலைகீழாக மாறுமா? நண்பர்களை அழைத்துக் காட்டினார். பகலிலும் இரவிலும் பூ ஏறத்தாழ ஒரே நிறமாகத்தான் இருக்கிறது என்று அனைவரும் கூறினர். ஒரே ஒருவர் மட்டும் டால்டன் கண்டதையே கண்டார். அவர் அண்ணன் ஜோனதன்.

அந்த ஒரு விடை டால்டனை உலுக்கிவிட்டது. தாமும் அண்ணனும் காணும் உலகம் வேறு. மற்றவர் காணும் உலகம் வேறு. வேறொருவராயின் இதனை வெளியில் சொல்லக் கூசியிருப்பார். டால்டனோ தம் குறையை ஒரு புதிய செடியைப் போலவே எடுத்து ஆராயலானார். முப்பட்டகத்தின் வழியே சூரிய ஒளியைச் செலுத்தி நிறமாலையைப் பார்த்தார். மற்றவர் ஆறேழு நிறங்கள் காணும் இடத்தில் அவர் கண்டவை இரண்டு, மிஞ்சினால் மூன்று. மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று, அதன் ஓரத்தில் ஊதா. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கிய நிழல்போல ஏதோ இருந்தது. கடித உறைகளை ஒட்டப் பயன்படும் சிவப்பு அரக்கும், பச்சை இலையும் அவருக்கு ஒரே நிறமாகத் தோன்றின. இரத்தமும் கரும்பச்சைப் புட்டியும் ஒத்திருந்தன. இவ்வாறு நிறத்துக்கு நிறம் சோதித்து எழுதினார்.

பின்னர்த் தம்மைப் போன்றவர்களைத் தேடினார். அவர் பிறந்த பகுதியிலேயே மேரிபோர்ட் என்னும் ஊரில் ஹாரிஸ் என்னும் செருப்புத் தைப்பவர் ஒருவர் இவ்வாறு நிறம் அறியாதிருந்தார் என்று 1777ஆம் ஆண்டில் ஓர் இதழில் செய்தி வந்திருந்தது. அக்குடும்பத்தைப் பற்றி விசாரித்தறிந்தார். தம் வகுப்பிலும் இதனை விளக்கிக் கேட்டார். ஏறத்தாழ 25 மாணவர்களில் இருவர் தமக்கும் அவ்வாறே தெரிகிறது என்றனர். அந்தச் சிறிய கணக்கு எவ்வளவு சரியானது என்பதை இன்று அறிகிறோம். ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் நூற்றுக்கு எண்மர் அளவில் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறையுடையவர்கள். இருபத்தைந்துக்கு இருவர் என்பதும் அதே விகிதந்தான். மேலும் இரண்டு செய்திகளை அவர் கவனித்தார். இக்குறையுடைய பெண் ஒருவரைக்கூட அவர் கேள்விப்படவில்லை. குறையுடையோரின் பெற்றோரிடமும் பொதுவாக அக்குறை காணப்படவில்லை. இவை ஏன் என்று அவரால் கூற இயலவில்லை. ஆயினும் எழுதி வைத்தார்.

1794ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், மான்செஸ்டர் இலக்கிய மெய்யியல் கழகத்தில் டால்டன் உறுப்பினரானார். அத்திங்களின் இறுதி நாளன்று தம் ஆய்வை அவர் அங்கே படித்தார். நிறக்குருடு பற்றி முறையாக எழுதப்பெற்ற முதற்பெரும் ஆய்வு அதுவே. பிற்காலத்தில் பிரெஞ்சு, ஸ்பானியம் முதலிய மொழிகளில் இக்குறைக்கே டால்டனியம் என்று பெயர் வழங்கலாயிற்று.

குறை இருப்பது தெரிந்தது. கண்ணின் எந்த உறுப்பில் இருக்கிறது? இதற்கு விடை காணக் கண்ணின் அமைப்பை அறிய வேண்டும்.

மனிதக் கண் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை. அதன் பெரும்பகுதியைச் சுற்றியிருப்பது வெள்ளையான உறுதிமிக்க உறை. முன்புறத்தில் மட்டும் அவ்வுறை கண்ணாடிபோல் தெளிந்து, சற்றே புடைத்து நிற்கிறது. இதனைக் கார்னியா என்பர். ஒளிக்கதிர்களைப் பெருமளவில் வளைத்து உள்ளே செலுத்துவது இதுவே. பலரும் நினைப்பதுபோல லென்சு அன்று. கார்னியாவுக்குப் பின்னால் தெளிந்த நீர் நிறைந்த சிறிய அறை. அதன்பின் கருமையாகவோ பழுப்பாகவோ, சில நாட்டவர்க்கு நீலமாகவோ தோன்றும் வட்டத்திரை. அத்திரையின் நடுவில் உள்ள துளைதான் கண்ணின் பாவை. ஒருவர் கண்ணை அருகில் நின்று நோக்கினால், அத்துளையில் நம் உருவம் சிறு பொம்மைபோல் தெரியும். பாவை என்றால் பொம்மை. இலத்தீன் மொழியிலும் இதற்குச் சிறு பொம்மை என்னும் பொருளுடைய சொல்லே வழங்கியது. தொடர்பில்லாத இரு மொழியார் ஒரே காட்சியைக் கண்டு ஒரே பெயரிட்டிருக்கின்றனர்!

வெயிலில் பாவை சுருங்கும்; இருளில் விரியும். பாவையைக் கடந்த ஒளி லென்சை அடைகிறது. அதனைச் சுற்றியுள்ள தசைகள் இயங்குவதால், அருகிலுள்ள பொருளைக் காணும்போது லென்சு தடிக்கிறது. தொலைவை நோக்கும்போது மெலிகிறது. அதற்கும் பின்னால், கண்ணின் பெரும்பகுதியை நிரப்பி நிற்பது கண்ணாடி போன்ற தெளிந்த கூழ். இக்கூழைக் கடந்த பின்னரே ஒளி கண்ணின் பின்சுவரில் படிந்துள்ள விழித்திரையில் வீழ்கிறது. அங்கே விழும் உருவம் தலைகீழானது. அதனை நேராக உணர்வது மூளையின் வேலை.

டால்டன் இவ்வாறு ஊகித்தார்: தம் கண்ணுக்குள் இருக்கும் அந்தக் கூழ் நீல நிறமானதாக இருக்க வேண்டும். நீலக் கண்ணாடி சிவப்பொளியை உட்கவர்ந்துகொண்டு நீலத்தை மட்டும் விடுவதுபோல, அந்த நீலக் கூழ் சிவப்பொளியை விழுங்கிவிடுகிறது; ஆகவே சிவப்பு விழித்திரையைச் சென்றடைவதே இல்லை. எளிமையான, அழகான ஊகம் இது. ஆனால் இதனைச் சோதிக்க வேண்டுமாயின் கண்ணை அறுத்துப் பார்க்க வேண்டும். உயிருள்ளவரை அது நடவாது. எனவே தாம் இறந்த பிறகு தம் கண்களை எடுத்து ஆராயுமாறு டால்டன் பணித்தார்.

இதற்கிடையில் தாமஸ் யங் என்னும் மற்றோர் அறிஞர் வேறு வழியில் சிந்தித்தார். நிறமாலையில் எண்ணற்ற நிறங்கள் இருப்பினும், விழித்திரையில் மூவகை உணர்விகள் மட்டும் இருந்தால் போதும். அவை தூண்டப்படும் அளவின் வேறுபாட்டால் எல்லா நிறங்களும் தோன்றும் என்பது அவர் கருத்து. டால்டனின் கண்ணில் நீலக் கூழ் ஏதும் இல்லை, மூவகை உணர்விகளுள் ஒருவகை இல்லாதிருக்கலாம் என்று 1807ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். டால்டன் அதனை ஏற்கவில்லை. நீலக் கூழையே நம்பினார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் டால்டனின் புகழ் வளர்ந்தது. 1808ஆம் ஆண்டில் அணுக்கொள்கையை விளக்கும் நூலை வெளியிட்டார். அரசக் கழகம் அவரை உறுப்பினராக்கியது; பதக்கம் அளித்தது. அவர் வாழ்க்கை முறையோ மாறவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. மாணவர்களுக்குத் தனியாகக் கணிதம் கற்பித்துக் கிடைத்த சிறு வருவாயில் வாழ்ந்தார். மழையை அளந்தார்.

1832ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. இளமையில் குவேக்கர் என்பதால் தமக்கு மூடியிருந்த கதவு முதுமையில் தானே திறந்தது. ஈராண்டுகளுக்குப் பின் நான்காம் வில்லியம் மன்னரைக் காணும் வாய்ப்பு வந்தது. அரசவைக்குச் செல்வோர் இடையில் வாள் தரித்துச் செல்ல வேண்டும். குவேக்கர் வாள் தரிக்கலாகாது. ஆக்ஸ்ஃபோர்டு அளித்த முனைவர் அங்கியை அணிந்துகொண்டால் வாளைத் தவிர்க்கலாம் என்று நண்பர்கள் வழி கண்டனர். ஆனால் அந்த அங்கியோ பளபளக்கும் செந்நிறம். குவேக்கர் ஒருவர் உடுத்தவே கூடாத நிறம். டால்டன் சிறிதும் தயங்காமல் அதனை அணிந்தார். அவர் கண்ணுக்கு அது மரத்து இலைகளின் நிறமாகவே தெரிந்தது. பார்த்தவர்கள் திகைத்தனர், அணிந்தவருக்கு மனச்சான்றில் எந்த உறுத்தலும் இல்லை.

1837ஆம் ஆண்டில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. மறு ஆண்டில் மீண்டும் தாக்கியது. பேச்சுத் தடுமாறியது, கை நடுங்கியது. 1844ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மாலை, நடுங்கும் கையால் அன்றைய வானிலையைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் படுத்தார். மறுநாள் காலை அவர் உயிர் பிரிந்தது. மான்செஸ்டர் நகர மண்டபத்தில் வைக்கப்பட்ட அவர் உடலுக்கு 40,000 பேருக்கு மேல் வரிசையில் வந்து இறுதி மரியாதை செலுத்தினர்.

மருத்துவர் ஜோசப் ரான்சம் டால்டனின் விருப்பத்தை நிறைவேற்றினார். ஒரு கண்ணை எடுத்து, அதனுள் இருந்த நீரையும் கூழையும் சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் வடித்தார். அரை நூற்றாண்டாகக் காத்திருந்த கேள்விக்கு விடை அக்கிண்ணங்களில் இருந்தது. கூழ் நீலமாக இல்லை. தெளிந்த நீர்போல் நிறமற்று இருந்தது. லென்சு மட்டும் முதியோர் கண்ணில் இருப்பதுபோல் சற்றே மஞ்சளித்திருந்தது. ரான்சம் அத்துடன் நிற்கவில்லை. மற்றொரு கண்ணின் பின்பகுதியை மட்டும் அரிந்துவிட்டு, அக்கண்ணின் வழியே சிவப்புப் பொருளையும் பச்சைப் பொருளையும் நோக்கினார். டால்டனின் கண்ணினூடாக அவர் பார்த்தபோது சிவப்பு சிவப்பாகவே, பச்சை பச்சையாகவே தெரிந்தது. ஒளி எவ்விதத் தடையுமின்றி அக்கண்ணைக் கடந்து வந்தது. டால்டனின் ஊகம் பிழையானது என்பதை, அவர் கேட்டுக்கொண்டபடியே அவர் கண்கள் காட்டின.

அந்தக் கண்களின் எச்சத்தை மான்செஸ்டர் கழகத்தார் எறிந்துவிடவில்லை. உலர்ந்த நிலையில் பேணி வைத்தனர். அவை இனி எதற்குப் பயன்படும் என்று அன்று எவர் கேட்டிருந்தாலும் விடை இருந்திராது. 1940ஆம் ஆண்டு டிசம்பரில் போர் விமானங்கள் குண்டு வீசியபோது, டால்டனின் கையெழுத்துத் தாள்களில் பெரும்பகுதி எரிந்து போயிற்று. கண்களின் எச்சம் தப்பியது.

இந்த நூற்றைம்பது ஆண்டுகளில் விழித்திரையின் மறைபொருள் மெல்ல மெல்ல வெளிப்பட்டிருந்தது. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இருவகை. குச்சி வடிவானவை ஏறத்தாழ 12 கோடி, மங்கிய ஒளியில் வேலை செய்பவை, நிறம் அறியாதவை. கூம்பு வடிவானவை ஏறத்தாழ 60 இலட்சம். நல்ல வெளிச்சத்தில் இயங்கி நிறத்தை உணர்த்துபவை இவையே. நிலவொளியில் பூந்தோட்டம் நிறமிழந்து தோன்றுவது, கூம்புகள் ஓய்ந்து குச்சிகள் மட்டும் இயங்குவதால்தான். யங் கூறியவாறே கூம்புகள் மூவகை. ஒருவகை குறுகிய அலைநீளமுள்ள நீல ஒளிக்கும், ஒருவகை நடுத்தர அலைநீளமுள்ள பச்சை ஒளிக்கும், ஒருவகை அதனினும் நெடிய அலைநீளத்துக்கும் மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. ஒவ்வொரு வகையிலும் ஒளியை உட்கவரும் ஒரு நிறமிப்புரதம் உண்டு. அப்புரதத்தை உருவாக்கும் கட்டளை மரபணுவில் உள்ளது.

அந்நிலையில் பிரிட்டன் ஆய்வாளர் சிலர், கழகத்தாரின் இசைவுடன் டால்டனின் கண்ணிலிருந்து மிகச் சிறிய துணுக்கொன்றைப் பெற்றனர். அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துப் படித்தனர். 1995ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. நெடிய அலைநீளத்தை உணரும் நிறமிக்குரிய மரபணு இருந்தது. நடுத்தர அலைநீளத்தை உணரும் நிறமிக்குரிய மரபணு இல்லை. டால்டனிடம் பச்சையை உணரும் கூம்புகள் இல்லை என்பது உறுதியாயிற்று. குறை கூழில் இல்லை, விழித்திரையில்தான் என்று கருதிய யங் வென்றார்; ஆனால் இல்லாதது சிவப்பை உணரும் உணர்வி என்று எண்ணியதில் அவரும் தவறினார்.

பூவின் புதிரும் இதனால் அவிழ்ந்தது. இளஞ்சிவப்பு இதழ் சிவப்பொளியையும் நீல ஒளியையும் எதிரொளிப்பது. பகல் வெளிச்சத்தில் நீலம் மிகுதி. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. மூவகைக் கூம்பும் உள்ள கண், வெளிச்சத்தின் மாற்றத்தை ஈடுசெய்துகொண்டு இரு வேளையிலும் பூவை இளஞ்சிவப்பாகவே காண்கிறது. இருவகைக் கூம்பு மட்டும் உள்ள கண்ணுக்கோ உலகின் நிறங்கள் எல்லாம் இரண்டு பக்கங்களாகவே பிரிகின்றன: ஒன்று நீலப் பக்கம், மற்றது மஞ்சள் பக்கம். பகலில் அப்பூ டால்டனுக்கு நீலப் பக்கம் நின்றது. இரவில் மறுபக்கம் தாவியது.

அவர் எழுதி வைத்த மற்ற இரு செய்திகளுக்கும் விடை கிடைத்தது. நெடிய அலைநீளம், நடுத்தர அலைநீளம் இவ்விரண்டுக்குமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோம் என்னும் இழையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பெண்ணுக்கு அவ்விழை இரண்டு. ஆணுக்கு ஒன்றே ஒன்று. பெண்ணிடம் ஓர் இழையில் குறை இருந்தாலும் மற்றோர் இழை ஈடுசெய்துவிடும். ஆணுக்கு ஈடுசெய்ய மற்றோர் இழை இல்லை. இருக்கும் ஒன்றும் தாயிடமிருந்து வருவது. டால்டனும் ஜோனதனும் பெற்றது தாய் டெபோராவின் இழையை. அந்த அம்மையாரின் கண்களோ சிவப்பையும் பச்சையையும் மற்றவர்களைப் போலவே பிரித்தறிந்திருக்கும்.